கரிமக் குறைகடத்தியில் தற்சுழற்சி எவ்வளவு தூரம் போகும்? 4 விழுக்காடு காந்தமின்தடையை நம்பலாமா?

மென்படலம் (கேள்வி):

வணக்கம். கரிமக் குறைகடத்திகளில் மின்னூட்டமும் தற்சுழற்சியும் (எலக்ட்ரானின் ஸ்பின்) எவ்வாறு கடத்தப்படுகின்றன என்பதை ஆராயும் முனைவர் பட்டப் பணியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். என் கணக்குக்கும் பிறர் வெளியிட்டுள்ள அளவுகளுக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

தயோபீன் வளையங்களாலான ஒரு பாலிமரைப் படலமாக்கிப் புல விளைவு டிரான்சிஸ்டர் அமைத்தேன். டிரெயின் மின்னோட்டத்தின் வர்க்கமூலத்தைக் கேட் மின்னழுத்தத்திற்கு எதிராக வரைந்து, வளைகோட்டின் மிகச் செங்குத்தான பகுதியின் சாய்விலிருந்து துளைகளின் (நேர்மின்னூட்டம்போல் நகரும் எலக்ட்ரான் வெற்றிடங்களின்) இயக்க எண்ணை, அதாவது மின்புலத்தில் அவை நகரும் எளிமையை, 0.3 ச.செ.மீ./வோல்ட்-நொடி என்று கணக்கிட்டேன். ஐன்ஸ்டீன் தொடர்பின்படி அறை வெப்பநிலையில் இதை 0.025 வோல்ட்டால் பெருக்கினால் விரவல் மாறிலி 0.0075 ச.செ.மீ./நொடி ஆகிறது. தற்சுழற்சியின் ஆயுட்காலத்தை 1 மைக்ரோநொடி என்று வைத்துக்கொண்டால், விரவல் மாறிலியையும் ஆயுட்காலத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும்போது தற்சுழற்சி விரவல் நீளம், அதாவது தற்சுழற்சி தன் திசையை இழக்கும் முன் போகும் தூரம், ஏறத்தாழ 870 நானோமீட்டர் வருகிறது. ஆனால் தற்சுழற்சி வால்வுகளை, அதாவது இரு காந்த மின்முனைகளுக்கு இடையே ஒரு படலத்தை வைத்த சாதனங்களைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர்களே காணப்படுகின்றன.

இந்த 870 நானோமீட்டரை நம்பி, கீழே லாந்தனம் ஸ்ட்ரோன்சியம் மாங்கனைட், நடுவே 100 நானோமீட்டர் பாலிமர், மேலே ஆவியாக்கிப் படியவைத்த கோபால்ட் என 12 வால்வுகளைச் செய்தேன். அவற்றில் மூன்று முழுமையாகக் குறுக்குச் சுற்றாகிவிட்டன. ஏழில் மின்தடை மிக அதிகமாக இருந்தது, காந்தப்புலத்தால் எந்த மாற்றமும் தெரியவில்லை. எஞ்சிய இரண்டில் மட்டும் 20 கெல்வினில் 4 விழுக்காடு காந்தமின்தடை (காந்தப்புலத்தால் மின்தடை மாறும் அளவு), இரு மின்முனைகளின் காந்த நீக்குப் புலங்களுக்கு (காந்தமாக்கல் திசை திரும்பும் புலங்களுக்கு) இடையே தெளிவான படியாகத் தெரிந்தது. எங்கள் ஆய்வகத்தின் மூத்த மாணவர் ஒருவர் இதைத் தற்சுழற்சிக் கடத்தலுக்கான சான்றாகவே எழுதிவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கணக்கில் எங்கே தவறு, இந்த 4 விழுக்காட்டை எப்படிச் சோதிப்பது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மின்வழி:

வணக்கம். பெருக்கலில் தவறு இல்லை. தவறு அந்த 0.3 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்து எங்கே பயன்படுத்தினீர்கள் என்பதில் இருக்கிறது. மின்னூட்டத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். காந்தமின்தடையைப் பற்றிக் காந்தமானி வந்து எழுதட்டும், அது அவருடைய துறை.

சிலிக்கான் படிகத்தில் எலக்ட்ரானின் இயக்க எண் 1,400 அளவில் இருப்பதற்குக் காரணம், அணுக்கள் சகப்பிணைப்பால் இறுகக் கட்டப்பட்டிருப்பதும் எலக்ட்ரான் அலை பல அணுக்களுக்கு மேல் பரவி நிற்பதும் ஆகும். கரிமப் பொருளில் மூலக்கூறுகளை வான் டெர் வால்ஸ் விசை மட்டுமே பிடித்து வைத்திருக்கிறது. எனவே மின்னூட்டம் ஒரு மூலக்கூறிலோ பாலிமர்ச் சங்கிலியின் ஒரு துண்டிலோ வந்து அமர்ந்து, தன்னைச் சுற்றியுள்ள அமைப்பைச் சற்றே உருக்குலைத்துப் போலரானாகி, வெப்ப ஆற்றலின் துணையோடு அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. ஒழுங்கற்ற படலத்தில் இந்த இடங்கள் ஒவ்வொன்றின் ஆற்றலும் வேறுபடும். அந்த வேறுபாட்டை ஒரு காஸ் பரவலாக எடுத்துக்கொண்டு பெஸ்லர் 1993 இல் தொகுத்துத் தந்த மாதிரியின்படி, பரவலின் அகலம் 50 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 100 ஆக இரட்டித்தாலே, அறை வெப்பநிலையில் இயக்க எண் ஏறத்தாழ 200 மடங்கு சரிகிறது. ஒரே வேதிப்பெயர் கொண்ட பொருள் இரண்டு ஆய்வகங்களில் இருவேறு பொருள்களைப் போல நடந்துகொள்வதற்கு இந்த அடுக்குக்குறிச் சார்பே காரணம்.

இப்போது உங்கள் 0.3. முதலாவதாக, வளைகோட்டில் மிகச் செங்குத்தான பகுதி என்று ஒன்று இருக்கிறது என்றாலே வளைகோடு நேராக இல்லை என்று பொருள். குறைந்த கேட் மின்னழுத்தத்தில் செங்குத்தாக எழும்பிப் பிறகு படுத்துவிடும் வளைகோட்டில், அந்த எழுச்சி பெரும்பாலும் தொடுமுனை மின்தடை கேட் மின்னழுத்தத்தால் சரிவதைத்தான் காட்டுகிறது. அதைப் பொருளின் இயக்க எண்ணாகப் படித்தால் பத்து மடங்குக்கு மேலும் மிகையாகிவிடக்கூடும். 2016 ஆம் ஆண்டிலேயே இது பற்றி வெளிப்படையான எச்சரிக்கை வந்துவிட்டது. வளைகோடு படுத்த பிறகு வரும் நேர்ப்பகுதியின் சாய்வை எடுத்து, வெவ்வேறு தட நீளங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவதாக, டிரான்சிஸ்டரில் கேட் மின்னழுத்தம் மின்காப்பு அடுக்கை ஒட்டிய ஓரிரு நானோமீட்டருக்குள் மின்னூட்டங்களை நெருக்கிக் குவிக்கிறது. தாழ்ந்த ஆற்றல் இடங்களை முதலில் வந்தவை நிரப்பிவிடுவதால், பின்னால் வருபவை எளிதாக ஓடுகின்றன. டையோடில் அந்த அடர்த்தி கிடையாது. ஒரே பாலிமரை டிரான்சிஸ்டரிலும் டையோடிலும் அளந்தபோது இயக்க எண் மூன்று படிநிலைகள் வரை வேறுபட்டதை 2003 இல் டனாசேயும் உடன் பணியாற்றியோரும் காட்டி, அந்த வேறுபாட்டை அடர்த்தியைக் கொண்டே விளக்கினார்கள். உங்கள் வால்வு அமைப்பில் டையோடைத்தான் ஒத்திருக்கிறது, டிரான்சிஸ்டரை அன்று.

மூன்றாவது காரணம் திசை. தயோபீன் பாலிமர்களில் பல, அடித்தளத்தின் மேல் விளிம்பில் நிற்பதுபோல் அடுக்கப்படுகின்றன. படலத்தின் தளத்தில் வளையங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் அந்தத் திசையில் மின்னூட்டம் நன்றாக ஓடும். செங்குத்துத் திசையிலோ ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே மின்கடத்தா அல்கைல் பக்கச்சங்கிலிகள் குறுக்கே நிற்கின்றன. நீங்கள் தளத்தில் அளந்த எண்ணைக் கொண்டு செங்குத்துப் பயணத்தைக் கணக்கிட்டிருக்கிறீர்கள்.

இருபுறமும் துளைகளை எளிதில் செலுத்தும் மின்முனைகளை வைத்து ஒரு டையோடு செய்து, மின்னோட்டம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதமாகும் பகுதியில் மாட்–கர்னி விதியைப் பொருத்தி இயக்க எண்ணைக் கண்டுபிடியுங்கள். 10⁻⁵ என்ற அளவில் ஏதாவது வந்தால் நான் வியப்படைய மாட்டேன். அதே 1 மைக்ரோநொடிக்கு அப்போது விரவல் நீளம் 5 நானோமீட்டர்தான். உங்கள் பாலிமர் அடுக்கோ அதைப் போல இருபது மடங்கு தடிமன்.

காந்தமானி:

மின்வழி சொன்னதை ஏற்றுக்கொண்டு தொடர்கிறேன். மூத்த மாணவரின் அவசரம் எனக்குப் புரிகிறது, ஏனெனில் நானும் அதே இடத்தில் நின்றவன். எனது முதல் வால்வுத் தொகுதியில் ஒன்றே ஒன்று அழகான படியைக் காட்டியது. எட்டு மாதங்கள் அதைச் சுற்றியே கருத்துருக்களை அடுக்கினேன். பிறகு குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கோபால்ட் ஓரிடத்தில் கரிமப் படலத்துக்குள் வேர் விட்டதுபோல் இறங்கிக் கீழ் மின்முனையைத் தொடும் தூரத்தில் நின்றது. படி உண்மைதான், ஆனால் அது கரிமப் பொருளின் வழியாக வரவில்லை. அந்த ஒரு படத்தை முதல் வாரத்தில் எடுத்திருக்க வேண்டும் என்பதை இன்றும் வருத்தத்துடன் நினைக்கிறேன்.

மென்மையான கரிமப் பரப்பின் மேல் சூடான உலோக அணுக்கள் விழும்போது அவை உள்ளே புகுவது இயல்பு. 2004 இல் சியோங், வார்டெனி, ஷி ஆகியோரின் குழு ஏ.எல்.கியூ.3 மூலக்கூறைக் கொண்டு 11 கெல்வினில் 40 விழுக்காடு காந்தமின்தடையைக் காட்டித் துறைக்கே உயிர் கொடுத்தபோதும், மேல் கோபால்ட்டை ஒட்டிய கரிமப் பகுதியின் ஒரு பங்கு தெளிவான எல்லையற்றது என்று கருதியே விரவல் நீளத்தைக் கணக்கிட்டார்கள். படலத்தின் உண்மைத் தடிமனை அறியாமல் எந்த விரவல் நீளத்தையும் நம்ப முடியாது.

எளிய சோதனை ஒன்று உண்டு, செலவே இல்லை. அந்த இரண்டு வால்வுகளின் மின்தடையை 300 கெல்வினிலிருந்து 20 கெல்வின் வரை குளிர்வித்துக்கொண்டே அளவிடுங்கள். தாவலால் கடத்தும் 100 நானோமீட்டர் பாலிமர் என்றால் குளிரக் குளிர மின்தடை பல படிநிலைகள் ஏற வேண்டும். ஏறாமல் குறைந்தால் மின்னோட்டம் உலோக இழை வழியாகப் போகிறது. ஒரு முக்கியக் குறிப்பு: மாங்கனைட் மின்முனையின் மின்தடையே குளிர்விக்கும்போது குறையும், ஆகவே நான்கு முனை அளவீடாகச் செய்யுங்கள். மின்னோட்டம் போகாமல் ஏழு வால்வுகள் அடைத்து நிற்கையில் இரண்டு மட்டும் குறைந்த மின்தடையுடன் படியையும் காட்டுவது எனக்கு நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை.

மேல் மின்முனையைக் காந்தமற்ற உலோகமாக மாற்றி ஒரு கட்டுப்பாட்டு வால்வும் செய்யுங்கள். ஒரே ஒரு காந்த மின்முனை இருக்கும்போதே, மாங்கனைட்டின் காந்தமாக்கல் திசை திரும்புவதால் வால்வுபோன்ற படிகள் தோன்றியிருக்கின்றன. அதேபோல் காந்த மின்முனையே இல்லாத கரிம டையோடுகளிலும் சில மில்லிடெஸ்லாப் புலத்தில், அறை வெப்பநிலையிலேயே, சில விழுக்காடு காந்தமின்தடை தெரியும். ஆனால் அது புலத்தின் இருபுறமும் சமச்சீராக, படியின்றி, வழவழப்பாக இருக்கும். உங்களுடையது படி என்பதால் இந்த இரண்டாவதை விட்டுவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலான சோதனை ஹான்லே விளைவு. தற்சுழற்சிக்குச் செங்குத்தாகச் சிறிய புலம் கொடுத்தால் அது லார்மர் அச்சாட்டத்தில் சுழலும். வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும் மின்னூட்டங்களின் தற்சுழற்சிகள் வெவ்வேறு கோணங்களில் நிற்கும். சைகை அழிய வேண்டும். எண்களைப் போட்டுப் பாருங்கள். இயக்க எண் தாராளமாக 10⁻⁴, மின்னழுத்தம் 0.1 வோல்ட், தடிமன் 100 நானோமீட்டர் என்றால் ஒரு மின்னூட்டம் கடக்க 10 மைக்ரோநொடி ஆகும். 1 மில்லிடெஸ்லாப் புலத்தில் எலக்ட்ரானின் தற்சுழற்சி நொடிக்கு 2.8 கோடி முறை சுழல்வதால், அந்தப் பயணத்துக்குள் 280 சுற்றுகள் முடிந்துவிடும். ஒரு முழுச் சுற்றுக்கு 4 மைக்ரோடெஸ்லாகூடத் தேவையில்லை. புவியின் காந்தப்புலமே அதைவிடப் பத்து மடங்கு பெரியது. ஆகவே தாவும் மின்னூட்டமே தற்சுழற்சியைச் சுமந்து சென்றது என்று எழுதுபவர், 1 மில்லிடெஸ்லாச் செங்குத்துப் புலத்தில் தன் சைகை மறைந்ததைக் காட்டியாக வேண்டும். கரிம வால்வுகளில் கவனமாகத் தேடியவர்கள் 2013 வாக்கில் வெளியிட்ட முடிவு, அப்படி எதுவும் மறையவில்லை என்பதே.

படிகம்:

காந்தமானியின் எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் ஹான்லே சோதனையில் சைகை மறையவில்லை என்பதால் கரிமப் பொருளில் தற்சுழற்சி நகரவே இல்லை என்று கேள்வி கேட்டவர் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தற்சுழற்சி நகர்வதற்கு மின்னூட்டம் நகர்ந்தே தீர வேண்டும் என்பதில்லை. இரண்டு போலரான்கள் போதிய நெருக்கத்தில் அமர்ந்திருந்தால், இரண்டும் இடம் மாறாமலே பரிமாற்ற இடைவினையால் தம் தற்சுழற்சிகளைக் கைமாற்றிக்கொள்ள முடியும். யூ என்ற ஆய்வாளர் 2013 இல் முன்வைத்த இந்த விளக்கத்தின்படி, போலரான் அடர்த்தி ஓரளவு உயர்ந்துவிட்டால் கைமாற்றம் தாவலைவிடப் பல மடங்கு விரைவாக நடக்கும். பயண நேரம் சுருங்கிவிடுவதால் சைகையை அழிக்கத் தேவையான செங்குத்துப் புலமும் அளவிட்ட எல்லைக்கு அப்பால் போய்விடும். இந்த விளக்கம் எல்லா வால்வுகளுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை; இழை ஓடிய வால்வுக்கு இது புகலிடமாகவும் ஆகக் கூடாது. அடர்த்தி போதுமானது என்று தனியே அளந்து காட்டியவருக்கு மட்டுமே இதைச் சொல்லும் உரிமை உண்டு.

வால்வை நம்பாத சான்றுகளும் இருக்கின்றன. 2009 இல் இயங்கும் வால்வுக்குள் தாழ் ஆற்றல் மியூவான்களை (காந்தப்புலத்தை உணரும் நுண்துகள்களை) செலுத்தி, தற்சுழற்சி முனைவாக்கம் ஆழத்தோடு எப்படித் தேய்கிறது என்று நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழுவினர், ஃபெர்ரோ காந்த ஒத்ததிர்வால் தற்சுழற்சியை உந்திச் செலுத்தும் முறையில் 2014 இல் ஒரு தயோபீன் பாலிமரில் போலரான் தற்சுழற்சி மின்னோட்டத்தைக் காட்டினார்கள்; 2019 இல், மிகுதியாக மாசூட்டிய (மின்னூட்டங்களைப் பெருக்க வேறொரு பொருளைக் கலந்த) பாலிமர்களில் பக்கவாட்டில் 1 மைக்ரோமீட்டருக்கும் மேல் தற்சுழற்சி சென்றதைக் காட்டி, பரிமாற்ற இடைவினை மேலோங்கியதையே அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். ஆக, உங்கள் 870 என்ற எண் தவறான கணக்கில் வந்தாலும், அந்தத் தூரம் தன்னளவில் நடவாத ஒன்றன்று.

நீங்கள் 1 மைக்ரோநொடி என்று வைத்துக்கொண்டதைப் பற்றி யாரும் கேட்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது. கரிமப் பொருளில் தற்சுழற்சி நீண்ட காலம் வாழும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை, கார்பன் இலேசான அணு, தற்சுழற்சியை எலக்ட்ரானின் சுற்றியக்கத்தோடு பிணைக்கும் தற்சுழற்சி–சுற்றுப்பாதை இடைவினை அணு எண்ணோடு செங்குத்தாக ஏறுவது, கார்பனில் ஏறத்தாழ 99 விழுக்காடாக உள்ள கார்பன்-12 ஐசோடோப்புக்கு அணுக்கருத் தற்சுழற்சியே இல்லாதது ஆகியவைதாம். ஆனால் உங்கள் பாலிமரில் ஹைட்ரஜன் இருக்கிறது. அதன் அணுக்கருக்கள் போலரான் மீது சில மில்லிடெஸ்லா அளவில் ஒழுங்கற்ற மீநுண் புலத்தைச் செலுத்துகின்றன. ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்த பாலிமரில் வால்வின் சைகை உயர்ந்ததை 2010 இல் காட்டியிருக்கிறார்கள். தயோபீனில் கந்தகமும் இருக்கிறது, அது கார்பனைவிடக் கனமானது.

இங்கேதான் மின்னூட்டமும் தற்சுழற்சியும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. மின்னூட்டம் மெதுவாகத் தாவினால் ஒவ்வொரு இடத்திலும் மீநுண் புலத்தில் நெடுநேரம் சுழன்று நினைவை இழக்கிறது. விரைவாகத் தாவினால் பல இடங்களின் புலங்கள் சராசரியாகி ஒன்றையொன்று நீக்கிக்கொள்வதால் ஆயுள் நீள்கிறது. ஆனால் ஒவ்வொரு தாவலிலும் சுற்றுப்பாதை இடைவினையால் தற்சுழற்சி புரள்வதற்குச் சிறு வாய்ப்பு உண்டென்றால், விரைவு கூடக்கூட ஆயுள் குறையவும் செய்யும். எனவே இயக்க எண்ணை ஓரிடத்திலும் ஆயுளை இன்னோரிடத்திலும் எடுத்துப் பெருக்குவது, ஒருவரின் நடையையும் வேறொருவரின் ஆயுளையும் சேர்த்து மூன்றாமவர் எவ்வளவு தூரம் போவார் என்று கணக்கிடுவதைப் போன்றது. ஒரே படலத்தில், ஒரே அடர்த்தியில், ஒரே வெப்பநிலையில் இரண்டையும் அளக்க வேண்டும்.

மென்படலம்:

மூவருக்கும் நன்றி. சொன்னவற்றுள் உடனே செய்யக்கூடியவற்றை இந்த இரண்டு வாரங்களில் செய்து முடித்தேன்.

டிரான்சிஸ்டர் வளைகோட்டின் படுத்த பகுதியிலிருந்து இயக்க எண் 0.04 வருகிறது. செங்குத்து டையோடில் மாட்–கர்னி விதி நன்றாகப் பொருந்துகிறது, அங்கே 2×10⁻⁵. பழைய ஆயுளையே வைத்துக்கொண்டாலும் விரவல் நீளம் 7 நானோமீட்டர்தான்.

காந்தமின்தடை காட்டிய இரண்டு வால்வுகளையும் நான்கு முனை முறையில் குளிர்வித்து அளந்தேன். முதலாவது 300 கெல்வினில் 900 ஓம், 20 கெல்வினில் 610 ஓம். இரண்டாவதும் இதே போக்கைக் காட்டியது. மற்ற ஏழில் மூன்றை அளந்தேன். மூன்றுமே 180 கெல்வினுக்குக் கீழே எங்கள் கருவியின் எல்லையைத் தாண்டிவிட்டன. பாலிமரைப் போல நடந்துகொண்டவை எதிலும் படி இல்லை. படி இருந்த இரண்டும் உலோகத்தைப் போல நடந்துகொண்டன. மூத்த மாணவரிடம் இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, கட்டுரை வரைவிலிருந்து அந்தப் பகுதியைத் தாமே நீக்கினார்.

படிகம் சொன்ன வழியில், செங்குத்து அமைப்பைக் கைவிட்டு, மாசூட்டிய படலத்தில் பக்கவாட்டு அமைப்புக்குப் போகலாம் என்று எண்ணுகிறேன்: ஒருபுறம் தற்சுழற்சியை உந்தும் பெர்மல்லாய் (நிக்கல்–இரும்புக் கலவை), மறுபுறம் அதை மின்னழுத்தமாக மாற்றிக் காட்டும் பிளாட்டினம், இடைவெளி 200 நானோமீட்டரிலிருந்து 1 மைக்ரோமீட்டர் வரை. இதில் முதலில் எதற்கு அஞ்ச வேண்டும்?

காந்தமானி:

வெப்பத்துக்கு அஞ்சுங்கள். ஒத்ததிர்வின்போது பெர்மல்லாய் சூடேறும். மாசூட்டிய பாலிமர் நல்ல வெப்பமின் பொருளும் என்பதால், வெப்பநிலை வேறுபாடு மட்டுமே உங்கள் பிளாட்டினத்தில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிவிடும். காந்தமாக்கலை எதிர்த்திசைக்குத் திருப்பும்போது தற்சுழற்சியால் வந்த மின்னழுத்தம் குறி மாறும், சாதாரண வெப்பமின்னழுத்தம் மாறாது. இரு திசைகளிலும் அளந்தவற்றை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து எஞ்சியதை மட்டும் எடுங்கள். நுண்ணலைகள் பெர்மல்லாயிலேயே திருத்தப்பட்டு உண்டாகும் மின்னழுத்தம் இந்தக் கழித்தலுக்குத் தப்பிவிடலாம், ஆகையால் பிளாட்டினத்துக்குப் பதில் தற்சுழற்சி–சுற்றுப்பாதை இடைவினை மிகக் குறைந்த தாமிரம் வைத்த சாதனத்தையும் அதே சில்லில் செய்துகொள்ளுங்கள். தாமிரத்திலும் அதே சைகை வந்தால் அது தற்சுழற்சியால் வந்ததன்று.

மின்வழி:

மாசூட்டும்போது ஒவ்வொரு சில்லிலும் கடத்துதிறனையும், தற்சுழற்சி ஒத்ததிர்வால் போலரான் அடர்த்தியையும் சேர்த்தே அளந்து பதிவு செய்யுங்கள். மாசூட்டி காற்றில் நாளுக்கு நாள் வெளியேறும். திங்கட்கிழமை அளந்த அடர்த்தி வெள்ளிக்கிழமை அளந்த விரவல் நீளத்துக்குப் பொருந்தாது. 200 நானோமீட்டர் இடைவெளி கொண்ட சாதனத்தையும் 1 மைக்ரோமீட்டர் கொண்டதையும் ஒரே சில்லில், ஒரே நாளில் அளப்பது நல்லது.